பயந்த சுவாமி

கதவு முழுதாகச் சாத்தவில்லை. இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. சவிரியான் மூப்பர் உள்ளே சொல்வதெல்லாம் எனக்குக் கேட்கிறது, கேட்கக் கூடாதென்று யன்னல் பக்கம் திரும்பி இருந்தாலும் கேட்கிறது. அவருக்குக் காது மந்தமாகி ஏழெட்டு வருசம். தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறதென்று அவருக்கே தெரியாது. "அருளப்புச் சுவாமிக்குப் பயமெண்டா என்னெண்டே தெரியாது பாதர். பாறை மாதிரி நிண்டவர். அங்கால ஷெல் விழுது, இவர் பாட்டுப் பாடிக்கொண்டு கோயில் வான் வண்டியை எடுக்கிறார்." பாறையாம். எனக்குச் சிரிப்பு வருகிறது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறேன், இது சிரிக்கிற இடமில்லை, ஆயர் இல்லத்திலிருந்து ஆள் வந்து சாட்சி எழுதுகிற இடம், சுவரில் செத்துப்போன சுவாமிமாரின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன, எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது, வீபூதியோடு வந்திருக்கிறாளே இவள் ஆர் என்று. காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசித்தேன்தான், பூசுவதா விடுவதா என்று. அறைவீட்டுக்குப் போகிறேன், சுவாமிமார் இருக்கிற வீடு, மரியாதைக்கு அழித்துவிட்டுப் போகலாமோ என்று. பிறகு நினைத்தேன், அருளப்புச் சுவாமியே ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் "மிஸி, உம்மட பிள்ளையாரிட்டையும் சொல்லி வையும், ரெண்டு பக்கத்தாலும் முயற்சி செய்வம்" என்பதுதான். ஆகவே பூசிக்கொண்டே வந்தேன். ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள், இப்போது பத்தே முக்கால், முழங்கால் நோகிறது, தந்த தேத்தண்ணியில் சீனி கூடிப்போயிற்று, மூப்பர் இன்னும் முடிக்கிறபாடில்லை.

பயமென்றால் என்னவென்று தெரியாத மனிதர். கேத்தில் மூடி கீழே விழுந்தால் துள்ளுகிற மனிதர். சண்டையின் கடைசி மாதங்களில் நான் விளாங்கண்டலுக்கு இடம்பெயர்ந்து வந்தபோது கோயில் பள்ளிக்கூடத்தில் நானூறு குடும்பம் இருந்தது, நான் அரசாங்க மிட்வைஃப், சனம் மிஸி என்று கூப்பிடும், கையில் ஒரு பையும் இரண்டு கத்தரிக்கோலும் கொஞ்சம் நூலும்தான் மிச்சம், போய் அவருக்கு முன்னால் நின்று "பாதர், நான் மிட்வைஃப்" என்றேன். ஐம்பத்தாறு வயது, வயிறு தள்ளி வண்டி வைத்த உடம்பு, ஒரு காது உடைந்து நூலால் கட்டின கண்ணாடி. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், ஒரு சுவாமியார் அப்படிச் செய்வாரென்று நான் நினைத்திருக்கவில்லை, கூச்சமாகப் போயிற்று. "மாதாவே உம்மை அனுப்பினவ. இஞ்ச பதினொரு பொம்பிளையள் வயித்தோட இருக்கினம், எனக்கு நித்திரை இல்லை" என்றார். ஊரில் எல்லாரும் அவரைச் சுவாமி என்றார்கள், ஒரு கிழமைக்குள் என் வாயிலும் சுவாமியென்றே வந்துவிட்டது. அன்று பின்னேரமே ஷெல் அடித்தான். எல்லாரும் பங்கருக்குள் இறங்கினோம், குழி வெட்டி மேலே பனங்குற்றி போட்ட பங்கர், சுவாமி எல்லாரையும் எண்ணி இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் இறங்கினார், அதை நான் சொல்லத்தான் வேண்டும், ஒரு நாளும் அவர் முதல் இறங்கினதில்லை. ஆனால் இறங்கினதும் முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு நடுங்குவார், பல்லு அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். செபமாலை சொல்லுவார். பத்து மணி உருட்டினதும் ஒரு இடத்தில் நிறுத்தவேண்டுமாம், இவர் பயத்தில் பதினைந்து, பதினெட்டு என்று போய்க்கொண்டே இருப்பார். சவிரியான் மூப்பரின் பெண்சாதி மதலேனம்மா இருட்டுக்குள்ளிருந்து "சுவாமி, பத்துத் தாண்டிப் போட்டுது" என்பா. "மாதா கோவிக்கமாட்டா, கூடத்தானே குடுக்கிறன்" என்பார். எல்லாரும் சிரிப்போம். மேலே மண் உதிரும், நாங்கள் கீழே சிரிப்போம். அந்த மனிதர் நடுங்கினதால்தான் எங்களுக்கு நடுக்கம் குறைந்தது என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன், எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஆள் பயப்படுகிறாரே, அது போதுமென்று மற்றவர்களுக்கு ஒரு ஆறுதல்.

இரத்தத்துக்கும் பயம். முதல் பேறு, ஐந்தாம் வகுப்பு அறையில், பட்டப்பகலில். மறைப்புக்குச் சேலை பிடிக்க ஆள் இல்லை, மதலேனம்மா ஒரு பக்கம், மற்றப் பக்கத்துக்கு இவரைத்தான் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், கையைப் பின்னால் நீட்டிச் சேலையைப் பிடித்தபடி. பெண் கத்தத் தொடங்கினதும் இவர் பாட்டெடுத்தார். தேவமாதா பாட்டு. குரல் என்றால் அப்படி ஒரு குரல், தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி, சுருதி ஒரு பக்கம் போக இவர் ஒரு பக்கம் போவார். பேறுகாலத்தில் கிடந்தவள் நோவுக்கு நடுவில் "ஐயோ அவரை நிப்பாட்டச் சொல்லுங்கோ மிஸி" என்றாள். பிள்ளை அழுத சத்தத்தில் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான், சேலையோடு சேர்ந்து சரிந்தார். ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் பிள்ளை, நடுவில் மூச்சுப்பேச்சில்லாமல் சுவாமி, நான் ஆரைப் பார்ப்பேன். முகத்தில் தண்ணி தெளித்து எழுப்பினால் முதல் கேட்டது "ஆரும் பாத்தவையோ?" அடுத்த பேறுக்கும் வந்து நின்றார். அதற்கடுத்ததற்கும். மொத்தம் ஏழு. ஏழுக்கும் சுவரைப் பார்த்தபடி, ஏழுக்கும் அதே பாட்டு. அந்தச் சுவரில் பிள்ளைகள் சோக்கட்டியால் எழுதின பெருக்கல் வாய்பாடு இருந்தது, "ஏழாம் வாய்பாடு இப்ப எனக்குத் தலைகீழாவும் வரும் மிஸி" என்று ஒரு நாள் சொன்னார். நான் இதையெல்லாம் உள்ளே போய்ச் சொல்லலாமோ? சாட்சி என்றால் இப்படியான கதைகளையும் எழுதுவார்களோ?

போன கிழமை ஜெறாட் பாதர் ரெலிபோனில் விளங்கப்படுத்தினார். நல்ல பிள்ளை, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், சண்டை முடியும்போது பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பார். "அம்மா, மற்றவைக்குச் சேவை செய்யேக்க உயிர் குடுத்த சுவாமிமாரைப் பற்றித் திரட்டுறம். மறைசாட்சியெண்டு திருச்சபை ஏற்கவேணுமெண்டா கன விசயம் பாப்பினம். தெரிஞ்சுகொண்டு, தானா விரும்பி உயிரைக் குடுத்தவரோ எண்டதுதான் முக்கியம். நீங்கள்தான் கடைசிவரைக்கும் பக்கத்தில இருந்தனீங்களாம்." தானா விரும்பி. அந்த இரண்டு சொல்லும் ஒரு கிழமையாக என் தொண்டையில் மீன் முள்ளு மாதிரி நிற்கின்றன. சோறு உண்ணும்போது நிற்கின்றன, குளிக்கும்போது நிற்கின்றன. தானாகவோ போனார்? விரும்பியோ போனார்? நான் இல்லையென்றால் போயிருப்பாரோ, ஒரு மணித்தியாலம் பொறுத்துப் போயிருந்தால் இன்றைக்கு எழுபத்திரண்டு வயதுக் கிழவராக இந்தக் கதிரையில் இருந்து சீனி கூடின தேத்தண்ணியை "ஆகா" என்று குடித்துக்கொண்டிருப்பாரோ. சீனிப் பைத்தியம் அவர். நிவாரணச் சீனி வந்தால் தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பானையடியில் ஒட்டினதை விரலால் தொட்டு நக்குவார், கண்டால் பூசை நேரத்தில் தின்று பிடிபட்ட பிள்ளை மாதிரி முழிப்பார். ஐயோ, அந்த முழி. பதினாறு வருசமாயிற்று, அந்த முழி நினைவில் இருக்கிறது, கடைசி நாள் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது முகம் எப்படி இருந்ததென்பது மட்டும் சரியாக வருகுதில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அங்கி நுனியால் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு முகம், சின்னப் பிள்ளையின் முகம். அது கோபமா, நோவா, அல்லது வெறுமனே கண் தெரியாததா?

அன்று காலையில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத்தான் வந்திருந்தோம். கால் முன்னுக்கு வந்த பிள்ளை, என் கையால் முடியாது, வேறொரு பள்ளிக்கூடத்தில் நடந்த ஆஸ்பத்திரிக்குத் தாயைக் கொண்டுபோய் இறக்கினோம், கோயில் வானில், கூரையில் பெரிய சிலுவை கீறி வைத்திருந்தார், மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியட்டுமென்று. போகவும் பயந்தார், வரவும் பயந்தார், ஸ்ரியறிங்கைப் பிடித்த விரல்கள் வெளிறிப் போயிருந்தன. திரும்பி வந்து இறங்கி, வெறுந் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்திருப்பார். தவராணியின் மச்சாள் ஓடி வந்தாள். தவராணி குளக்கட்டுக்குப் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலில் இருந்தவள், இரண்டு மைல், காலில் காயம், நடக்க மாட்டாள், புருசன் எங்கேயென்று தெரியாது. முதல் பிள்ளை. "இரத்தம் போகுது மிஸி, பாய் நனைஞ்சு போச்சு" என்றாள் மச்சாள். எனக்கு உடனே விளங்கியது, போன கிழமையும் அவளுக்கு ஒருக்கால் இரத்தம் பட்டது, நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். குளத்து றோட்டில் ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சொன்னேன், "சுவாமி, போகவேணும்." அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "பொறும் மிஸி. கொஞ்சம் ஓயட்டும்." "ஓயுமட்டும் அவள் இருக்கமாட்டாள் சுவாமி." "ஒரு அரை மணித்தியாலம்." "அரை மணித்தியாலத்தில எல்லாம் முடிஞ்சிடும்." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் பயமா இருக்கு மிஸி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கு மட்டும் கேட்க. எத்தனையோ பேரின் பயத்தை ஒரு மாதமாகக் கேட்ட மனிதர், தன் பயத்தைச் சொல்ல அவருக்கு நான் ஒருத்தி அகப்பட்டேன், அந்த ஒருத்தி என்ன சொன்னாள்? இரண்டு நாள் நித்திரை இல்லை எனக்கு, கையில் காலையில் பட்ட இரத்தம் காயவில்லை, அது ஒரு காரணமா, காரணமில்லை. "பிறகேன் உந்த வெள்ளையைப் போட்டுக்கொண்டு திரியிறியள்?" என்றேன். மச்சாளுக்குக் கேட்கும்படி. மதலேனம்மாவுக்குக் கேட்கும்படி. அந்த மனிதரைப் பார்த்து. என் கையைக் கண்ணில் ஒற்றின மனிதரைப் பார்த்து.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "நீர் சொல்லுறது சரி" என்றார். எந்தக் குரலில்? பதினாறு வருசமாக அந்த மூன்று சொல்லையும் எல்லாக் குரலிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். சினந்த குரலில், தோற்ற குரலில், அவர் பகிடி விடுகிற குரலில், ஒவ்வொன்றும் பொருந்துகிறது, ஒவ்வொன்றும் பொருந்தாமல் போகிறது. எழும்பி வானடிக்குப் போனார். ஸ்ராட் பண்ணினார். பிறகு இறங்கினார், மனம் மாறிவிட்டாரென்று நினைத்தேன், கோயிலுக்குப் பின்பக்கம் போய் ஒன்றுக்கிருந்துவிட்டு வந்தார், வரும்போது என்னைப் பார்த்து அந்தப் பிடிபட்ட முழி முழித்துச் சிரித்தார். அது வருகிறது, பார், அந்தச் சிரிப்பு நல்லாக வருகிறது. நானும் ஏறப் போனேன், ஒரு கால் உள்ளே வைத்துவிட்டேன். "கீழ இறங்கும்" என்றார். "இஞ்ச இன்னும் நாலு பேர் இருக்கினம். வான் ஓட்ட ஆரும் பழகலாம். உம்மட வேலையை இனி ஆர் பழகிறது?" மச்சாளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். பாட்டுப் பாடிக்கொண்டு போகவில்லை. வானுக்குள் என்ன செய்தாரென்று தவராணிதான் எனக்குச் சொன்னாள், பிறகு ஒரு நாள், முகாமில் இருக்கும்போது, வேறு ஆருக்கும் சொல்லாதேங்கோ மிஸி என்று. அவளைத் தூக்கி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அவர் அழுதாராம். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி, "ஐயோ அம்மா, ஐயோ அம்மா" என்று அழுதுகொண்டே ஓட்டினாராம். நோவில் கிடந்த தவராணி அவரைத் தேற்றினாளாம், "இன்னும் கொஞ்சத் தூரந்தான் சுவாமி" என்று. பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் முதல் ஷெல் பக்கத்தில் விழுந்தது. வானை நிறுத்தி, இரண்டு பேரையும் வாய்க்காலுக்குள் இறக்கி, தவராணியின் வயிற்றுக்கு மேல் தன் உடம்பைப் பாலம் மாதிரி வைத்துக்கொண்டு, முழங்கையை ஊன்றிக்கொண்டு, பாரம் அவளில் படக்கூடாதாம், அந்த வண்டி உடம்பு. இரண்டாவது ஷெல். முதுகு முழுக்க அவருக்கு. அவளுக்கும் மச்சாளுக்கும் ஒரு கீறலும் இல்லை. சவிரியான் மூப்பரும் இன்னும் இரண்டு பேரும் ஓடிப்போய்க் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள், அதை மூப்பர் சொல்கிறாரோ தெரியவில்லை, ஷெல் நிற்க முதலே ஓடினார், தனக்கு வரவேண்டிய பேரை விட்டுவிட்டுச் சுவாமியைப் பாறை ஆக்கிக்கொண்டிருக்கிறார் அந்த மனிதர். அவரைப் பிழை சொல்லி என்ன. அவருக்கும் அவர் சுவாமி வேண்டும்.

கதிரை இழுபடுகிற சத்தம். மூப்பர் வெளியே வருகிறார், கண் சிவந்திருக்கிறது, தோளில் துண்டு சரிந்து கிடக்கிறது. "எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டன் கமலேசு. கடைசியா 'இயேசுவே உம்மட கையில' எண்டு சொல்லித்தான் கண்ணை மூடினவர் எண்டும் சொன்னனான். நீயும் அப்பிடியே சொல்லு, என்ன? மாத்திச் சொன்னா வேதசாட்சி எண்டு ஏற்கமாட்டினம்." நான் தலையை ஆட்டினேன், ஓம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய மாதிரி. கண் மூடினபோது மூப்பர் அறையில் இல்லை, வாசலில் நின்று குழறிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியதை அவர் கேட்டிருக்கிறார். உள்ளே போனேன். ஜெறாட் பாதர் எழும்பிக் கதிரை இழுத்துத் தந்தார், வீபூதியைப் பார்த்தார், தண்ணி ஊற்றி வைத்தார். பேர், வயது, தொழில். பிறகு தாளைப் பார்த்து வாசித்தார், "அம்மா, இந்தக் கேள்வியை எல்லாரிட்டையும் கேக்கிறன். அண்டைக்குச் சுவாமி தானா விரும்பித்தான் போனவரோ?"

"இல்லை பாதர்" என்றேன்.

பேனை நின்றது.

"விருப்பமில்லாமத்தான் போனவர். அவருக்குச் சரியான பயம். பொறும் எண்டவர், நான்தான் ஏசி அனுப்பினனான்." சொல்லிவிட்டேன், அந்தச் சொல்லையும் சொல்லிவிட்டேன், வெள்ளையைப் பற்றிச் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்தும் குறைக்காமல். தண்ணியைக் குடித்தேன். ஒன்றுக்கிருந்ததைச் சொன்னேன், அழுதுகொண்டு ஓட்டினதைச் சொன்னேன், தவராணி என்னை மன்னிக்கட்டும், வாய்க்காலில் முழங்கையை ஊன்றினதைச் சொன்னேன். ஜெறாட் பாதர் தாளைத் திருப்பினார். பிறகு எழுதத் தொடங்கினார், வேகமாக. "இதால அவற்ற பேரை எடுத்துப்போடுவினமோ?" என்று கேட்டேன். "தெரியாதம்மா. அது மேல இருக்கிறவை பாக்கிறது. நான் எழுதிறவன்" என்றார். எழுதிக்கொண்டே, என்னைப் பாராமல், "பயமில்லாம ஒரு ஆள் போறதில பெரிசா என்ன இருக்கம்மா" என்றார். அதைத் தாளுக்குச் சொன்னாரோ எனக்குச் சொன்னாரோ. பிறகு கேட்டார், "கடைசியா ஏதும் சொன்னவரோ?"

சொன்னவர். பள்ளிக்கூட வாங்குப் பலகையில் பக்கவாட்டில் கிடத்தியிருந்தோம், முதுகில் கைவைக்க இடமில்லை, என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லையென்று பார்த்த உடனே தெரிந்தது. பக்கத்து அறையில் தவராணி கத்திக்கொண்டிருந்தாள். என் கையைத் தேடிப் பிடித்தார். "பெத்திட்டாளோ மிஸி?" என்று கேட்டார்.

"ஓம் சுவாமி எண்டனான், பாதர். பொம்பிளைப் பிள்ளை, ரெண்டு பேரும் சுகம் எண்டனான். அவர் சிரிக்கப் பாத்தார். 'அப்ப நீர் ஏசினது நல்லதாப் போச்சு' எண்டார். அவ்வளவுதான். பிறகு கதைக்கேல்லை. நான் கை கழுவிப்போட்டுத் தவராணியிட்டப் போயிட்டன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் என்னை மன்னிச்சவர் பாதர். அதுக்குப் பிறகு பிள்ளை பிறக்க ரெண்டு மணித்தியாலம் எடுத்தது. தலை இறங்கி அமத்தினதால இரத்தம் நிண்டு, தாயும் பிழைச்சு, பிள்ளையும் பிழைச்சுது. பிழைச்சதெண்டபடியால் பொய் பாதி மெய்யாப் போச்சு. மற்றப் பாதி மெய்யாகேல்லை."

"மற்றப் பாதி?"

"அது ஆம்பிளைப் பிள்ளை."

ஜெறாட் பாதரின் முகத்தில் சிரிப்பு வந்து, பாதி வழியில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது, கண் நிறைந்துவிட்டது பிள்ளைக்கு. எனக்கும்தான்.

"அதையும் எழுதுங்கோ பாதர்" என்றேன்.